முகாமில் இருக்கும் குடும்பத்தைக் குழுவாக ஸ்பான்சர் செய்வது எப்படி? மதுரைப் பக்கத்து வேலைகளோடு முழுமையான வழிகாட்டி

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே பல வீடுகளுக்கு டொரான்டோவிலோ மான்ட்ரியாலிலோ ஒரு சித்தப்பா, ஒரு மாமி உண்டு. "நாங்க அஞ்சு பேர் சேர்ந்திருக்கோம், என்ன செய்யணும்?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள். "எவ்வளவு கட்டணும்?" என்று இந்தப் பக்கமிருந்து கேட்பார்கள்.

கனடாவில் சிலர் குழுவாகச் சேர்ந்து, ஓர் அகதிக் குடும்பத்தை அங்கே வரவழைத்து முதல் ஒரு வருடச் செலவை ஏற்றுக்கொள்வதைத்தான் இங்கே ஸ்பான்சர் என்கிறோம். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். அகதியாக மீள்குடியேற விண்ணப்பிப்பவருக்கு கனடாவில் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. ஸ்பான்சர் செய்யும் குழு அகதியிடம் பணம் வாங்குவது விதிமீறல். "முன்பணம் கொடுங்க, பெயரைச் சேர்த்துவிடுறேன்" என்று எவராவது வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கான பதில் நீளமானது. குழுவின் வேலை என்றாலே பணம் திரட்டுவதும் வீடு பார்ப்பதும்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவை கனடாப் பக்கத்து வேலைகள். ஆனால் ஒரு கோப்பு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் மதுரைப் பக்கத்துக் காகிதங்களால்தான். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிதான் அதிகம்.

ஏன் கனடா மட்டும்?

குழுவாகச் சேர்ந்து அகதிகளை வரவேற்கும் திட்டம் பல நாடுகளில் இருக்கிறது. பிரிட்டனில் 2016 ஜூலையில் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் 2022இல் ஒரு முன்னோட்டத் திட்டமாகத் தொடங்கினார்கள். இந்த இரண்டிலும் வருகிற குடும்பத்தை ஐ.நா. அகதிகள் முகமைதான் பொதுவாகப் பரிந்துரைக்கும். குழுவினர் வரவேற்று உடனிருப்பார்கள். "எங்கள் அக்கா குடும்பத்தை அனுப்புங்கள்" என்று கேட்க வழியில்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரியில் தொடங்கிய வெல்கம் கோர் என்ற குழு ஸ்பான்சர் திட்டம், 2025 தொடக்கத்தில் அகதிகள் சேர்க்கை மொத்தமாக நிறுத்தப்பட்டபோது அதோடு முடிந்துபோனது.

தமிழக முகாம்களில் இருப்பவர்களை மாநில அரசின் மறுவாழ்வுத் துறை பதிவு செய்து பார்த்துக்கொள்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. முகமையின் சென்னை அலுவலகம் முகாம் மக்களுக்குச் செய்துவந்தது முக்கியமாகத் தாயகம் திரும்புவோருக்கான உதவி. ஆகவே அந்த முகமையின் பரிந்துரைப் பட்டியலில் உச்சப்பட்டிப் பெயர் தானாக ஏறும் என்று காத்திருப்பதில் பலனில்லை. பெயர் சொல்லி அழைக்கும் வசதி பெரிய அளவில் இருப்பது கனடாவில்தான். 1979இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியா படகு அகதிகளுக்காகத் தேவாலயங்களும் அக்கம்பக்கத்தாரும் ஆயிரக்கணக்கில் குழு சேர்ந்தபோது அந்தத் திட்டம் வேர்விட்டது. மூன்று லட்சம் பேருக்கு மேல் இந்த வழியில் அங்கே குடியேறியிருக்கிறார்கள்.

படி 1: கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

கனடாவில் மூன்று வகைக் குழுக்கள் ஸ்பான்சர் செய்யலாம். அரசோடு ஒப்பந்தம் போட்ட அமைப்புகள் ஒரு வகை. இப்படி நூற்றுக்கு மேல் உண்டு, பல தேவாலயம் சார்ந்தவை. 18 வயதான ஐந்து குடிமக்கள் அல்லது நிரந்தர வதிவாளர்கள் சேரும் ஐவர் குழு இன்னொரு வகை. உள்ளூர்ச் சங்கம், நிறுவனம் போன்ற சமூக ஸ்பான்சர் மூன்றாவது.

பின்னிரண்டு வகைக்கும் புது விண்ணப்பம் வாங்குவதை 2024 நவம்பர் 29 முதல் கனடா நிறுத்திவைத்தது. முதலில் 2025 டிசம்பர் 31 வரை என்று அறிவித்தார்கள். இப்படிப்பட்ட தேதிகள் நீள்வது புதிதல்ல. அதனால் வேறு எந்த வேலையைத் தொடுவதற்கு முன்பும் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "கனடா ஓப்பன் பண்ணியாச்சு" செய்திகளை நம்பி யாரும் வேலையை விட வேண்டாம்.

கதவு திறந்திருக்கும் காலத்திலும் முகாம் குடும்பங்களுக்கு ஒப்பந்த அமைப்பு வழியே போவதுதான் நல்லது என்பேன். காரணம் இதுதான். ஐவர் குழுவோ சமூக ஸ்பான்சரோ விண்ணப்பித்தால், அகதி என்று ஐ.நா. முகமையோ ஓர் அரசோ அங்கீகரித்த சான்று கட்டாயம். முகாம் பதிவும் அடையாள அட்டையும் அந்த இடத்தில் நிற்குமா என்பது விவாதத்துக்கு இடமான விஷயம். ஒப்பந்த அமைப்புக்கு அந்தச் சான்று கட்டாயமில்லை. ஆனால் ஒவ்வோர் அமைப்புக்கும் வருடத்துக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு உண்டு, வரிசையும் நீளம். உறவினர்கள் தங்கள் ஊரில் இருக்கும் அமைப்பிடம் எழுதிக் கேட்டு, அதன் கீழ் உள்ளூர்க் குழுவாக இணையலாம். மான்ட்ரியால்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கியூபெக் மாகாணத்துக்குத் தனித் திட்டம், தனி விதி. இங்கே சொல்வதை அப்படியே அங்கே பொருத்தாதீர்கள்.

படி 2: இந்தக் குடும்பம் தகுதி பெறுமா?

கசப்பான கேள்வி. ஆனாலும் ஆசை வளர்வதற்கு முன் கேட்டாக வேண்டும்.

கனடா அதிகாரி இரண்டைப் பார்ப்பார். ஒன்று, தாயகத்தில் துன்புறுத்தலுக்கோ போரின் கடும் பாதிப்புக்கோ உள்ளானவரா, இன்றும் திரும்ப முடியாத நிலையா? இரண்டு, அவருக்கு வேறு நிரந்தரத் தீர்வு எதுவும் இல்லையா? போர் 2009 மே மாதம் முடிந்துவிட்டது. "இப்போது ஏன் திரும்பக் கூடாது?" என்ற கேள்வி நிச்சயம் வரும். "அங்கே வீடு இல்லை, வேலை இல்லை" என்பது உண்மையாக இருந்தாலும் அது மட்டும் போதாது. இந்தக் குடும்பத்துக்கு, இந்த ஆளுக்கு என்ன ஆபத்து என்று சொல்ல முடிய வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு மதுரையோடு ஒரு தொடர்பு இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியக் குடிமகன் என்கிறது குடியுரிமைச் சட்டம். 1986இல் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது அதை வைத்துத்தான். வீட்டில் 1983க்கும் 1987 ஜூனுக்கும் இடையில் இங்கே பிறந்தவர் இருந்தால், கனடா ஃபாரத்தைத் தொடும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். அவரை முதன்மை விண்ணப்பதாரராகப் போட்டால் கோப்பு அங்கேயே சிக்கும். சொல்லப்போனால், அவருக்குக் கையருகே இருக்கும் தீர்வு கனடாவை விடச் சீக்கிரம் கிடைக்கலாம். இலங்கைத் தோட்டங்களில் வேலைக்குப் போன இந்தியத் தமிழரின் வழிவந்த மலையக வம்சாவளிக் குடும்பங்களுக்கும் இதே யோசனைதான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த தாத்தாவின் காகிதம் பெட்டியடியில் கிடந்தால் அதுவே பெரிய ஆவணம்.

படி 3: காகிதங்கள்

இந்தப் படிக்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு நீளமான தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரும். மேலே ஒவ்வொரு ஆவணமும்: இலங்கைப் பிறப்புச் சான்று, முகாம் பதிவு, அகதி அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், திருமணப் பதிவு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆவணத்தில் இருக்கிற ஆங்கில எழுத்துகளையும் பிறந்த தேதியையும் அப்படியே பார்த்து எழுதுங்கள். மனதில் இருப்பதை எழுதாதீர்கள்.

எழுதி முடித்ததும் தலை சுற்றும். தமிழில் ஒரே சிவகுமார்தான். ஆனால் பிறப்புச் சான்றில் கடைசியில் 'ஏ.என்.' சேர்ந்து சிவகுமாரன் என்றிருக்கும். மண்டபத்தில் இறங்கிய அன்று அவசரத்தில் பதிந்தவர் நடுவில் ஒரு 'ஹெச்' சேர்த்திருப்பார். பள்ளியில் அப்பா பெயர் வெறும் இனிஷியலாகியிருக்கும். ஆதாரில் அதுவே பின்பெயராக நீண்டிருக்கும். பிறந்த தேதியும் அப்படித்தான். ஐந்து வயது ஆகாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஜூனுக்கு முன் ஒரு தேதி போட்டது எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது!

இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். எந்த எழுத்துக்கூட்டலை ஃபாரம் முழுக்க வைப்பது என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடி, இல்லாவிட்டால் பிறப்புச் சான்றில் உள்ளபடி. மற்றவை ஏன் மாறின என்று ஒரே பக்கத்தில் விளக்கம் எழுதி, நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாகச் சேர்த்துவிடுங்கள். நாமே முன்கூட்டிச் சொன்ன வேறுபாடு சாதாரண விஷயம். அதிகாரி தானாகக் கண்டுபிடித்த வேறுபாடு சந்தேகமாகிவிடும்.

இலங்கைச் சான்றுகளை அங்கிருக்கும் உறவினர் மூலம் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பிரதி எடுக்கலாம். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இங்கத்திய பிறப்புச் சான்றோடு, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டியிருக்கும். அப்போதுதான் இலங்கைக் குடியுரிமை ஆவணம் வரும். இந்தப் பதிவுகளில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. 1984 முதல் முகாம்களில் வேலை செய்கிறவர்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் எதுவும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்க்கப்பட வேண்டும். சொந்தக்காரர் மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள். முகாமில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருப்பார். அவர் படித்துச் சொல்வது நமக்குப் புரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான். சிங்களச் சான்றுகளைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்குவது சுலபம்.

ஒரு எச்சரிக்கை. "இந்திய பாஸ்போர்ட் எடுத்துத் தர்றேன், விசிட் விசாவில் போயிடலாம்" என்று ஆட்கள் வருவார்கள். அது குற்ற வழக்கு. அதோடு போகாது; நாளைக்கு அகதி என்று சொல்லும் வாய்ப்பையும் அதுவே அடைத்துவிடும்.

படி 4: குடும்பத்தில் யார் யார்

22 வயதுக்குக் கீழ் உள்ள, திருமணமாகாத பிள்ளைகள் பெற்றோரின் விண்ணப்பத்திலேயே வரலாம். விண்ணப்பம் கனடா குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்த நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. அதைத் தாண்டியவருக்குத் தனி விண்ணப்பம், தனி ஸ்பான்சர் உறுதிமொழி. ஆனால் இரண்டையும் சேர்த்து அனுப்பி ஒன்றாகப் பார்க்கச் சொல்லலாம். மகனுக்கு 22 வயது ஆகப்போகிறது என்றால் அந்தத் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அம்மம்மாவும் தனி விண்ணப்பம்தான்.

உடன் வராதவரையும் ஃபாரத்தில் எழுதியே ஆக வேண்டும். பிரிந்து போன கணவர், இலங்கையிலேயே தங்கிவிட்ட மூத்த பிள்ளை, முதல் திருமணத்துக் குழந்தை என யாராக இருந்தாலும். வெட்கத்துக்காகவோ சிக்கல் வேண்டாம் என்றோ ஒரு பெயரை விட்டுவிட்டால், பின்னாளில் அவரைக் குடும்ப ஸ்பான்சரில் அழைக்கும் வழி அடைபடலாம்.

படி 5: கதையை எழுதுவது

அகதிகளுக்கான இணைப்பு 2 என்ற ஃபாரத்தில் ஏன் வெளியேறினீர்கள் என்று எழுத வேண்டும். இதைக் கனடாவில் இருக்கும் மாமா எழுதித் தருவது வழக்கமாகிவிட்டது. வேண்டாம். நேர்காணலில் பேசப்போவது மாமா அல்ல.

குடும்பத்தை ஒரு மாலை உட்காரவைத்து, தமிழிலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். எந்த ஊர், எந்த வருடம், யார் வந்தார்கள், என்ன நடந்தது, எந்தக் கரையில் படகு ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள். தேதி நினைவில்லை என்றால் "1990 ஆடி மாசம் போல" என்று எழுதினாலே போதும். நினைவில்லாத தேதியைத் துல்லியமாக எழுதுவதுதான் ஆபத்து.

இந்தப் பக்கத்தில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 1990இல் வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் 1992க்கும் 1995க்கும் இடையில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் 1996இல் சண்டை மீண்டும் உக்கிரமானதும் திரும்ப வந்தார்கள். சொல்லும்போது இரண்டு வருகையும் ஒன்றாகக் கலந்துவிடும். பதிவில் 1996 இருக்க, வாய் 1990 என்று சொன்னால் அதிகாரி குழம்புவார். இரண்டு பயணத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இயக்கம் பற்றிய கேள்வியும் வரும். விடுதலைப் புலிகளை கனடா 2006 ஏப்ரலில் தடைப் பட்டியலில் சேர்த்தது. வீட்டுக்கொருவர் என்று கட்டாயமாக அழைத்துப் போனது, வரி கட்டியது, பதுங்கு குழி வெட்டியது என எது நடந்திருந்தாலும் மறைக்காதீர்கள். அப்படியான கோப்பை மட்டும் அனுபவமுள்ள கனடா வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பிரதிநிதியாக இருப்பவர் அங்கே உரிமம் பெற்றவராக இருந்தாக வேண்டும். மாட்டுத்தாவணி பக்கம் போர்டு மாட்டிய ஏஜென்ட் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

படி 6: பணமும் திட்டமும்

இது குழுவின் வேலை. குடும்பம் வந்த நாளிலிருந்து பொதுவாக 12 மாதம் வாடகை, சாப்பாடு, உடை, பஸ் பாஸ் எல்லாம் குழுவின் பொறுப்பு. ஐவர் குழுக்களுக்கு என்று துறை நெடுநாள் வைத்திருந்த அட்டவணையில் தனி ஆளுக்கு 16,500 கனடா டாலரும் நான்கு பேர் குடும்பத்துக்கு 28,700 டாலரும் குறைந்தபட்சமாகக் காட்டியிருந்தார்கள். புதுத் தொகையை அப்போதைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதி வாடகையை அறிந்தவர்களுக்கு அந்தக் குறைந்தபட்சம் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். யாராவது கீழ்த்தளத்தை இலவசமாகக் கொடுத்தால் அதையும் கணக்கில் காட்டலாம்.

குழுவில் ஐந்து பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. குடும்பச் சண்டை வந்தால் குழுவே கலைந்துவிடும். வேலைக்கூட்டாளி ஒருவர், கோவில் வழித் தெரிந்தவர் ஒருவர், அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் என்று கலந்திருக்கட்டும்.

படி 7: அனுப்பிவிட்டுக் காத்திருப்பது

குழுவின் உறுதிமொழி, குடியேற்றத் திட்டம், குடும்பத்தின் ஃபாரங்கள் எல்லாம் ஒரே கட்டாகப் போகின்றன. ஒரு கையெழுத்து விடுபட்டாலும் முழுக் கட்டும் திரும்பி வரும். அதன் பிறகு வருடக்கணக்கில் காத்திருப்பு.

அந்த வருடங்களில் வாழ்க்கை நிற்காது. கல்யாணம் நடக்கும், குழந்தை பிறக்கும், முகவரி மாறும். ஒவ்வொன்றையும் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். முகாமில் ஆட்கள் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் சரிபார்க்கும் தணிக்கையைத் தவறவிடாதீர்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் தணிக்கை நாளில் இல்லாமல் பதிவு நீங்கினால், இத்தனை நாள் சேர்த்த ஆதாரத்தில் முக்கியமான ஒன்று போய்விடும். பிள்ளைகள் படிப்பை "கனடாவுக்குத்தானே போகப்போறோம்" என்று நிறுத்தாதீர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்படவும் கூடும்.

படி 8: நேர்காணல், மருத்துவம், புறப்பாடு

நேர்காணலில் கணவன் மனைவியைத் தனித்தனியாகக் கேட்கலாம். தமிழிலேயே பேசுங்கள். மொழிபெயர்ப்பாளர் சொன்னது சரியில்லை என்று தோன்றினால் அங்கேயே சொல்ல வேண்டும். வெளியே வந்து சொல்லிப் பயனில்லை. தெரியாததற்குத் தெரியாது என்பதே பதில்.

கைரேகையும் படமும் எடுக்கச் சென்னை போக வேண்டியிருக்கும். மருத்துவப் பரிசோதனை துறையின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும்தான். தெரிந்த டாக்டரிடம் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. அந்தப் பரிசோதனை 12 மாதமே செல்லும் என்பதால், அழைப்பு வருமுன் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

கனடா சரி என்று சொன்ன பிறகும் இந்தியா விட வேண்டும். வெளியேறும் அனுமதிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மறுவாழ்வுத் துறை, காவல்துறையின் க்யூ பிராஞ்ச் உளவுப் பிரிவு, சென்னையில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் என்று கோப்பு நகரும். நிலுவையில் வழக்கு இருந்தால் அங்கேயே நிற்கும். பழைய பெட்டி கேஸ் ஒன்று எந்தக் கோர்ட்டிலாவது தூங்கிக்கொண்டிருந்தால், விண்ணப்பம் போட்ட வருடமே அதை முடிக்கப் பாருங்கள்.

விமானச் செலவுக்கு கனடா அரசு கடன் தரும். 2018 முதல் அதற்கு வட்டி கிடையாது. அது குடும்பத்தின் தலையில் விழும் கடன் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். முடிந்தால் குழுவே டிக்கெட்டை ஏற்கலாம்.

படி 9: இறங்கிய முதல் வருடம்

முதல் வாரத்திலேயே சமூகக் காப்பு எண், மாகாண சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை எல்லாம் தொடங்கிவிட வேண்டும். வருகிறவர்கள் நிரந்தர வதிவாளர்களாகவே இறங்குகிறார்கள். எங்கே வேலை செய்வது, எந்த ஊருக்குப் போவது என்பது அவர்கள் முடிவு. "நாங்கதானே கூப்பிட்டோம்" என்று உறவினர் தன் கடையிலேயே நிற்கவைப்பதும் சம்பளத்தைக் குறைப்பதும் நடக்கிற கதை. குழுவில் உறவினர் அல்லாத ஒருவர் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். பணத்தை மாதம் தவறாமல் வங்கிக் கணக்கில் போடுங்கள். கையில் கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரமில்லை.

விண்ணப்பத்தில் பெயர் எழுதி, உடன் வராமல் போன கணவனோ மனைவியோ பிள்ளையோ இருந்தால், குடும்பம் இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அவர்களுக்கு விண்ணப்பிக்கலாம். இது குடும்ப ஸ்பான்சரை விடச் சுலபமான வழி. வேலை தேடும் பரபரப்பில் பதினொன்றாவது மாதம்தான் பலருக்கு இது ஞாபகம் வருகிறது. முதல் மாதமே ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.